இடது முட்டியும் பதினான்கு கிலோமீட்டரும்

1

ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்று இனிமேல் யாராவது என்னிடம் சொன்னால் மரியாதையான பதில் வராது. இப்போதே சொல்லிவிடுகிறேன். ஊரில் சொன்னார்கள். ஜெர்மனியில் சொன்னார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் முன்பின் தெரியாத பக்கத்து இலைக்காரர் மூன்றாவது தடவை சாம்பார் வாங்கிக்கொண்டே சொன்னார். கடைசியில் ஒரு எலும்பு டாக்டரும் சொன்னார். இவர்களில் ஒருவர்கூட நான் ஓடுவதைப் பார்த்ததில்லை. எந்தப் பாதையில் ஓடுகிறாய், எந்த ஓரத்தில் ஓடுகிறாய், கால் எங்கே விழுகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. முட்டியை மோட்டார் பைக் டயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் அடி அண்ணாமலைக்காரன். கிரிவலப் பாதை எங்கள் வீட்டு வாசலை ஒட்டித்தான் போகிறது. ஜெர்மனிக்குப் போய் இந்த ஜூலையோடு பத்தொன்பது வருடம். வடக்கே ஒரு சின்ன நகரம். அங்கே ஒரு தொழிற்சாலையில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறேன். நாற்பது வயதில் ரத்தத்தில் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றார்கள். அந்த வாரமே ஓட ஆரம்பித்தேன். இப்போது நாற்பத்தொன்பது. நான் பந்தயத்தில் ஜெயிக்கிற ஆள் இல்லை. வேலை முடிந்து வந்து, வீட்டில் யார்மேலும் எரிந்து விழாமல் இருப்பதற்காக ஓடுகிற ஆள். என் மனைவியைக் கேட்டால் அது பாதி நாள்தான் பலித்தது என்பாள்.

எனக்கு ஒரே மகள், கயல். பதினெட்டு வயது. பள்ளிக்கூடம் முடித்துவிட்டாள். அக்டோபரில் படிக்கப் போகிறாள், ரயிலில் ஆறு மணி நேரம் தள்ளி. அவளும் ஓடுவாள், பள்ளி அணியில். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். கேள்வி நீளமாக இருந்தால் பதில் தோளைக் குலுக்குவது. அப்படிப்பட்ட பெண் போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் என்னைத் தேடி வந்து, "அப்பா, செப்டம்பர்ல இங்க இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம் இருக்கு. நான் போறதுக்கு முன்னாடி ஒண்ணா ஓடலாமா?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். அன்றைக்கே இரண்டு பேர் பெயரையும் பதிந்தேன்.

மார்ச்சில் முட்டி போனது.

2

அந்த வலியைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஏழாவது கிலோமீட்டர் வரைக்கும் ஒன்றும் இருக்காது. அதற்குப் பிறகு இடது முட்டியின் வெளிப்பக்கம் ஆணி அடித்த மாதிரி ஒரு குத்து. நின்றால் போய்விடும். ஓடினால் வந்துவிடும். மறுநாள் காலை மாடிப்படியில் ஏறும்போது ஒன்றும் செய்யாது, இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்க வைக்கும்.

எலும்பு டாக்டரைப் பார்க்க ஏழு வாரம் காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தது நாலு நிமிடம். முட்டியை மடக்கினார், நீட்டினார், வயதைக் கேட்டார். "ஓட்டம் உங்களுக்கு வேண்டாம். சைக்கிள் ஓட்டுங்கள்" என்றார்.

எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. ஆனால் ஜெர்மனில் கோபப்படுவது எனக்கு இன்னும் வரவில்லை. அந்த மொழியில் ஒவ்வொரு பொருளுக்கும் பால் உண்டு. வாய் திறந்து "என் முட்டி" என்று ஆரம்பித்ததுமே, துணைக்கு வந்த கயல் பக்கத்திலிருந்து திருத்தினாள். நான் முட்டியைப் பெண்ணாக்கிவிட்டேனாம். சரி என்று ஆணாக்கினேன். அதுவும் இல்லையாம், இரண்டும் இல்லாத மூன்றாவது பாலாம். அதற்குள் டாக்டர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். பத்தொன்பது வருடமாக வரி கட்டுகிறேன், ஒரு ஆளைத் திட்டுவதற்கு இலக்கணம் குறுக்கே நிற்கிறது.

கடைசியில் ஆறு தடவை முட்டிப் பயிற்சிக்கு ஒரு சீட்டு கொடுத்தார்கள். நாலு வாரத்துக்குள் ஆரம்பிக்காவிட்டால் சீட்டு செல்லாது. பயிற்சி நிலையத்தில் ஐந்து வாரத்துக்கு இடம் இல்லை. புதுச் சீட்டு வேண்டுமென்றால் டாக்டரை மறுபடி பார்க்க வேண்டும். இதைக் கேட்டு ஊரில் அலுவலகத்துக்கு அலைந்து கொதித்துப்போன என் நண்பர்கள் சந்தோஷப்படலாம். அங்கேயும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், சிரித்துக்கொண்டே அலைய விடுவார்கள். யாரோ ஒருவர் தன் நேரத்தை ரத்து செய்ததால் எனக்கு இடம் கிடைத்தது. அவர் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

3

பயிற்சி கொடுத்த பெண்மணி பெயர் பிர்கிட். என் வயதுதான் இருக்கும், கை இரும்பு மாதிரி. முட்டியைத் தொடவே இல்லை. முதலில் என் பழைய ஷூவைக் கேட்டாள். இரண்டையும் கவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். இடது ஷூவின் வெளி விளிம்பு வழித்து எடுத்த மாதிரி தேய்ந்திருந்தது. வலது அப்படி இல்லை.

"எங்கே ஓடுகிறீர்கள்?"

"ஏரியைச் சுற்றி."

"எந்தப் பக்கமாக?"

அது என்ன கேள்வி என்று எனக்குப் புரியவில்லை. ஏரியை எந்தப் பக்கமாகச் சுற்றுவார்கள்? கயல் பதில் சொன்னாள். "எப்பவும் ஒரே பக்கம். ஏரி வலது கைப்பக்கம் இருக்கணும். பாதையோட இடது ஓரத்துல ஓடுவார். எதிரே வர்றவங்க எல்லாம் திட்டுவாங்க. இவர் நகர மாட்டார்."

"எத்தனை வருடமாக?"

"ஒன்பது" என்றேன்.

"ஏன்?"

எங்கள் ஊரில் ஒரு மலை இருக்கிறது என்று சொன்னேன். அதை வலப்பக்கம் வைத்துத்தான் சுற்ற வேண்டும். ரோட்டின் இடது ஓரமாக நடக்க வேண்டும். மலையை ஒட்டிய பக்கம் கண்ணுக்குத் தெரியாத சித்தர்கள் நடக்கிற இடம், அதை விட்டுக்கொடுக்க வேண்டும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான் சுற்றினேன். வேறு மாதிரி சுற்றலாம் என்று என் காலுக்குத் தெரியாது.

பிர்கிட் என்னையே பார்த்தாள். "ஏரியில் யார் இருக்கிறார்கள்?"

"வாத்து" என்றாள் கயல்.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக் கிழவர் எட்டிப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.  ஏனென்றால் அந்த நொடியில் எனக்கே விடை தெரிந்துவிட்டது. மழைத் தண்ணீர் வடிவதற்காகப் பாதையின் நடுவை மேடாகவும் ஓரத்தைச் சரிவாகவும் போடுவார்கள். இடது ஓரத்தில் ஓடினால் இடது கால் ஒவ்வொரு தடவையும் பள்ளத்தில் விழும். இடுப்பு அந்தப் பக்கம் சாயும். தொடையின் வெளிப்பக்கமாக இடுப்பிலிருந்து முட்டிக்குக் கீழே வரை ஒரு பட்டை நார் ஓடுகிறது. அது இழுபட்டு முட்டியில் உரசும். ஒன்பது வருடம், வாரத்துக்கு நாலு நாள்.

தொழிற்சாலையில் ஒரு பேரிங் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் பேரிங்கைத் திட்டுகிறவனை நான் வேலைக்கு வைக்க மாட்டேன். அதற்குள் சுழலும் ஷாஃப்ட் கோணலாக இருக்கிறதா என்று பார் என்பேன். என் காலுக்கு மட்டும் அதை நான் யோசிக்கவில்லை. பார்த்தீர்களா, இதுதான் எனக்குத் தாங்க முடியாத எரிச்சல்.

அடுத்த தடவை கயல் நான் ஓடுவதைப் பக்கவாட்டில் படம் பிடித்து வந்தாள். மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். அதையும் வெட்கமில்லாமல் எழுதுகிறேன், யாருக்காவது உதவும். நான் காலை உடம்புக்கு இரண்டு அடி முன்னால் நீட்டி, முட்டியை விறைப்பாக வைத்து, குதிகாலால் தரையைக் குத்துகிறேன். "அப்பா, நீ ஓடல. ஒவ்வொரு அடிக்கும் பிரேக் போடற" என்றாள் கயல். அடியைச் சின்னதாக்கு, எண்ணிக்கையைக் கூட்டு, பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழட்டும் என்றாள் பிர்கிட். எண்ணிப் பார்த்தால் நிமிடத்துக்கு நூற்றைம்பத்திரண்டு அடி வைத்துக்கொண்டிருந்தேன். நூற்றறுபத்தைந்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். வேகத்தைக் குறைக்கச் சொன்னாள். எவ்வளவு என்று கேட்டேன். மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற அளவுக்கு. முடியாவிட்டால் வேகம் ஜாஸ்தி.

தினமும் படுத்துக்கொண்டு பக்கவாட்டில் காலைத் தூக்குகிற பயிற்சியும் உண்டு. பார்க்கக் கேவலமாக இருக்கும். ஆனால் முட்டியைக் காப்பாற்றுவது முட்டி இல்லை, இடுப்புதான். யாராவது சொன்னார்களா? டாக்டர் சொன்னாரா?

கடைசியாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதே ஓரத்தில் ஏரியை எதிர்த் திசையில் சுற்றச் சொன்னாள், பள்ளத்தை வலது காலும் பங்கு போட்டுக்கொள்ளட்டும் என்று.

4

முதல் நாள் இருநூறு மீட்டர் போய்த் திரும்பி வந்துவிட்டேன். சட்டையை உள்பக்கம் வெளியாகப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடக்கிற மாதிரி இருந்தது. கயல் பாதையில் நின்று இடுப்பில் கை வைத்தாள். "அப்பா, சாமி இல்லப்பா. வாத்து."

"தெரியும்."

"வாத்துக்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கறேன். நீ ஓடு."

ஓடினேன். இரண்டாவது வாரம் பழகிவிட்டது. நாலாவது வாரம் எட்டு கிலோமீட்டர் ஓடினேன், ஆணி வரவில்லை! ஆறாவது வாரம் பத்து. வீட்டுக்கு வந்து சமையலறையில் கத்தினேன். மனைவி தீப்பிடித்துவிட்டது என்று ஓடிவந்தாள்.

ஆனால் இருபத்தொன்று ஓட வேண்டுமென்றால் நடுவில் ஒரு பதினான்கு ஓடித் தேற வேண்டும். அதை ஜூலை கடைசியில் வைத்துக்கொள்ளலாம், அதில் வலி வந்தால் செப்டம்பரை மறந்துவிட வேண்டியதுதான் என்று பிர்கிட் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஜூலை கடைசியில் நாங்கள் ஊரில் இருப்போம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை, நானும் கயலும் மட்டும் வந்தோம்.

விமானத்தில்தான் எனக்கு உறைத்தது. கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர். அளந்து வைத்த மாதிரி!

5

என் அண்ணன் ஏழுமலை பாதையோரத்தில் இளநீரும் டீயும் விற்கிறார். நிலமும் இருக்கிறது, வேர்க்கடலை போடுகிறார். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்னாடா கொமாரு, முட்டி தேஞ்சி போச்சாமே?"

"தேயல."

"இந்த வயசுல என்னாத்துக்கு ஓட்டம்? யாராவது தொரத்துறானா?"

"தொரத்தல."

"பின்ன ஏன் ஓடற? நடந்து போனா புண்ணியமாவது கெடைக்கும்."

கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்தேன். பதில் சொல்லி ஜெயிக்கிற இடமில்லை அது.

வந்த மூன்றாம் நாள் காலையில் கயல் என்னை எழுப்பாமல் ஓடக் கிளம்பிவிட்டாள். முக்கால் மணி நேரம் கழித்து அண்ணன் வீட்டு வாசலில் சத்தம். போய்ப் பார்த்தால் ஒரு கீரைக்கார அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறது. கயல் நெற்றி முழுக்க விபூதி, வியர்வையில் மூக்கு வரை வழிந்து கிடக்கிறது.

"யாரு ஊட்டுப் பொண்ணுப்பா இது? மலைய இடக்கைப் பக்கம் வச்சிக்கினு எதிர்ல ஓடியாருது. கூப்புட்டாலும் நிக்கல, காதுல என்னாவோ மாட்டினுகீது. ரெண்டு பேரு குறுக்க நின்னு புடிச்சோம்."

"நம்ம கொமாரு பொண்ணு. அங்க பொறந்தது, தெரியாது" என்றார் அண்ணன்.

"எங்க பொறந்தா என்னா? பெத்தவன் சொல்லிக் குடுக்க வாணாமா?" என்று அந்த அம்மா என்னைப் பார்த்தது. அப்புறம் கயல் கன்னத்தைத் தடவி, "நல்லாத்தான் ஓடற கண்ணு. பக்கம்தான் தப்பு" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனது.

அது தெருத் திரும்புகிறவரை கயல் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஜெர்மனில் ஆரம்பித்தாள். அங்கே ஏரியில் பழகிய திட்டப்படி இன்றைக்கு எதிர்த் திசை நாள். ஓடினாள். சாதுக்கள் கத்தினார்கள், பூக்காரிகள் கத்தினார்கள், ஒரு நாய்கூடத் துரத்தியது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மூச்சு வாங்கி நிறுத்தியவள், தமிழுக்கு மாறினாள்.

"வாத்துக்கு ஒன்பது வருஷம் ரூல் வச்சிருந்த. மலைக்கு என்ன ரூல்னு என்கிட்ட ஒரு தடவையாவது சொன்னியா?"

 யோசித்துப் பார்க்கிறேன், சொல்லவே இல்லை. பிர்கிட்டிடம் சொன்னபோது பக்கத்தில் இருந்தாள், அவ்வளவுதான். அதையும் அவள் என் கால் பற்றிய கதையாகத்தான் கேட்டிருக்கிறாள். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்குக் கூட்டி வந்தேன். ஏசி கார் பிடித்து உறவினர் வீடுகளைச் சுற்றினேன். மலையை அவளோடு ஒரு தடவைகூடச் சுற்றவில்லை. பேச மாட்டேன் என்கிறாள், தமிழ் மறந்துவிட்டாள் என்று ஊரெல்லாம் புலம்பினேன். எந்த நாளில் நான் பேச இடம் கொடுத்தேன்? ஏரியில் சேர்ந்து ஓடும்போதுகூட நான் நாலு அடி முன்னால்தான் ஓடுவேன், அப்பா இன்னும் வேகம்தான் என்று காட்டுவதற்கு.

6

இப்போது சிக்கலைப் பாருங்கள். பதினான்கு கிலோமீட்டர் ஓட வேண்டும். திசையை மாற்ற முடியாது. மாற்றினால் என்னையும் விபூதி பூசிக் கூட்டி வருவார்கள், எனக்கு அது தேவைதான். வழக்கமான திசையில் இடது ஓரமாக ஓடினால் மறுபடி அதே பள்ளம், அதே ஆணி. வலது ஓரமாக ஓட எனக்கே மனசு வராது. நடைபாதையில் கடைகள்.

இதை இரவுச் சாப்பாட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "நடு ரோட்டுல ஓடேன்."

"நடு ரோட்டுலயா?"

"நடுவுதாண்டா மட்டம். வண்டி ஓட்டறவனுக்குத் தெரியும். ஓரமாப் போனா ஹேண்டில் இழுக்கும், நடுவுல போனா இழுக்காது. பௌர்ணமிக்கு இன்னும் ஒரு வாரம் கீது, காலைல நாலரைக்குக் கூட்டம் கம்மி. நான் பின்னாடி மொபெட்ல லைட்டு போட்டுக்கினு வரேன். எவன் வந்தாலும் ஒதுங்கிப் போவான்."

"நடுவுல ஓடறது தப்பில்லையா?"

"ஷூ போட்டுக்கினு ஓடறதே கிரிவலம் இல்ல. கிரிவலம் இல்லாததுக்கு ஓரம் ஏது? ஆனா பக்கம் மாத்தாத. அது வேற."

எவ்வளவு தெளிவு! எனக்கு எழுந்து அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. கையெல்லாம் சாம்பார்.

நாலரைக்குக் கிளம்பினோம். கயல் ஒரு நிபந்தனை போட்டாள். முழு தூரமும் பேசிக்கொண்டே ஓட வேண்டும். மூச்சு வாங்கினால் உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். தமிழில் பேசலாம் என்றாள், அது அவளுக்குப் பயிற்சியாம்.

பின்னால் மொபெட்டின் மஞ்சள் வெளிச்சம், அதில் எங்கள் இரண்டு நிழலும் முன்னால் நீளமாக ஓடின. குபேர லிங்கம் வரைக்கும் நான் கதை சொன்னேன். எந்த வளைவில் பள்ளிக்கூடத்தை ஏமாற்றி உட்கார்ந்தேன், எங்கே பஸ் வரும், எங்கே வராது. அவள் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். இத்தனை கேள்வி இவளுக்குள் இருந்ததா? நிமிடத்துக்கு நூற்றறுபத்தெட்டு அடி. பாதம் சத்தமில்லாமல் விழுகிறது. முட்டி சும்மா இருக்கிறது. டவுனுக்குள் நுழைந்தபோது கடிகாரத்தில் ஏழு கிலோமீட்டர். ஆணிக்காகக் காத்திருந்தேன். கோயில் கோபுரத்தைத் தாண்டினோம், வரவில்லை. எட்டு, வரவில்லை. எனக்குப் பறக்க வேண்டும் போல இருந்தது. "டேய், இளிச்சிக்கினே ஓடாத, பயமா கீது" என்று அண்ணன் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

ரமணாசிரமம் பகுதியில் வெள்ளைக்காரர்கள் வெறுங்காலோடு மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள். நான் ஷூ போட்டு ஓடுகிறேன். இதில் யார் வெளியூர்க்காரன் என்று தெரியவில்லை.

அங்கேதான் கயல் சொன்னாள். "அப்பா, செப்டம்பர்ல நான் என் வேகத்துல ஓடட்டுமா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "ஒண்ணா ஓடலாம்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். அப்ப எனக்கு இவ்ளோ வேகம் வரல. இப்ப வருது. ஒண்ணு அம்பதுல முடிக்க முடியும்."

ஒரு மணி ஐம்பது நிமிடம். எனக்கு இரண்டரை ஆகும்.

"எத்தனை நாளா மனசுல வச்சிருக்க?"

"ஏப்ரல்லேர்ந்து. நீ முட்டி முட்டின்னே இருந்த. எப்படிச் சொல்றது? நீ என்கூட வந்தா உன் முட்டி போயிடும். நான் உன்கூட வந்தா எனக்குக் கோவம் வரும்."

கோபம்தான் நான் அவளுக்குக் கொடுத்த சொத்து, அதில் குறை வைக்கவில்லை.  பேச்சு நின்றது. கால் தானாக நீண்டது. அவளை விட்டு முன்னால் போனேன், பழையபடி நாலு அடி. ஏரியை ஏன் சுற்றினேன், காலை ஏன் தூக்கினேன், எல்லாம் எதற்கு என்று மண்டைக்குள் ஓடியது.

"டேய்! என்னா, பஸ் போயிடுச்சா? ஏன் வேகம் ஏத்துற?"

அந்த நேரம் பார்த்து இடது முட்டியில் ஒரு குத்து. சின்னதுதான். ஆனால் அதேதான்.

பயந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு பயந்ததில்லை. அடியைக் குறைத்தேன். எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. இருநூறு அடிக்குப் பிறகு குத்து மங்கியது. கயல் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டாள். செங்கம் ரோட்டிலிருந்து பாதை பிரிகிற இடம் வந்தது. இன்னும் நாலு கிலோமீட்டர். கிழக்கே வெளுத்துவிட்டது.

அவள் ஓடுவதைப் பக்கவாட்டில் பார்த்தேன். என் வேகத்துக்காக ஒவ்வொரு அடியையும் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். கட்டி வைத்த கன்றுக்குட்டி மாதிரி. அவளும்தான் பிரேக் போட்டுக்கொண்டிருக்கிறாள், எனக்காக. அவள் முட்டிக்கு அது நல்லதா?

"போ" என்றேன்.

"எங்க?"

"உன் வேகத்துல போ. பெரியப்பா கடைகிட்ட நில்லு."

"நெஜமாவா?"

"திரும்பித் திரும்பிப் பாக்காத. பாத்தா தோள் திரும்பும், அடி தப்பும்."

போனாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. எப்போதும் எனக்குப் பின்னால்தானே ஓடினாள். காலடி தரையைத் தொட்டதும் எடுத்துவிடுகிறாள். தலை ஆடவில்லை.

அண்ணன் மொபெட்டை எனக்குப் பக்கத்தில் கொண்டு வந்தார். "யாரு பின்னாடிடா போறது?"

"அவ பின்னாடி போண்ணா."

வெளிச்சமும் போய்விட்டது. நான் மட்டும். நடு ரோடு, வலப்பக்கம் மலை. நூற்றறுபத்தெட்டு, நூற்றறுபத்தெட்டு. பேச ஆள் இல்லாததால் சத்தம் போட்டு எண்ணினேன். நடந்து வந்த ஒரு குடும்பம் ஏதோ மந்திரம் என்று நினைத்துக் கும்பிட்டது. பன்னிரண்டு. பதின்மூன்று. முட்டி வாயைத் திறக்கவில்லை. பதினான்கு!

கடையில் கயல் உட்கார்ந்திருந்தாள். ஏழு நிமிடம் முன்னால் வந்துவிட்டாளாம். அண்ணன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "மொபெட்ட முறுக்கித்தான் புடிக்க முடிஞ்சிது, ஆமா."

7

முட்டியின் தீர்ப்பு அன்றைக்கு வராது, மறுநாள் படியில்தான் வரும். மறுநாள் காலை அண்ணன் வீட்டு மாடியிலிருந்து இறங்கினேன். பதினெட்டுப் படி. அண்ணன், அண்ணி, கயல் மூன்று பேரும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கைப்பிடியைத் தொடவில்லை. வலி இல்லை. நம்பாமல் மறுபடி ஏறி மறுபடி இறங்கினேன். இல்லை! அண்ணி திருஷ்டி சுற்றிப் போட வேண்டும் என்றார்.

இட்லி சாப்பிட்ட கையோடு கயலின் மடிக்கணினியைத் திறந்து பந்தய அலுவலகத்தின் இணையப் பக்கத்துக்குப் போனேன். அங்கே ஓடுகிறவர்களை வேகப்படி வரிசையாகப் பிரித்து, வேகமானவர்களை முதலில் அனுப்புவார்கள். டிசம்பரில் நான் எங்கள் இரண்டு பேரையும் நடு வரிசையில் சேர்த்துப் பதிந்திருந்தேன். மாற்றுவதற்கு ஒரு படிவம். ஜெர்மனியில் எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் இருக்கும். அவளை முன் வரிசைக்கு மாற்றினேன். என்னைக் கடைசி வரிசைக்கு மாற்றினேன். காரணம் என்று ஒரு கட்டம். "வேகம் வேறு வேறு" என்று ஜெர்மனில் தட்டினேன். கயல் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். தப்பு இருந்திருக்கும், திருத்தவில்லை.

"கடைசி வரிசையாப்பா? அவங்க கால் மணி நேரம் கழிச்சித்தான் கெளம்புவாங்க."

"கெளம்பட்டும்."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "நான் முடிச்சிட்டு உனக்காக ஒரு மணி நேரம் நிக்கணும்."

"நில்லு" என்றேன்.

"நிப்பேன்" என்றாள்.

அனுப்பு என்ற பொத்தானை அவளே அழுத்தினாள்.